இத்தாலிய ஹோட்டலில் தங்க இவ்வளவு இத்தாலியன் போதும்

ரோம், மிலான், வெனிஸ் போன்ற ஊர்களில் பெரிய ஹோட்டல்களின் ரிசப்ஷனில் ஆங்கிலத்திலேயே பேசிக் காரியத்தை முடித்துவிடலாம். இத்தாலியன் தேவைப்படுவது மற்ற இடங்களில்தான். அறையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவிடம் இன்னொரு துண்டு கேட்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பழைய கட்டடத்தின் வாசலில் நின்று கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். காலை உணவு மேசையில் இருக்கும் ரொட்டிக்குள் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சிறு ஊர்களிலும், ஒரு குடும்பமே நடத்தும் விடுதிகளிலும் ஆங்கிலம் தெரிந்தவர் பகலில் மட்டும் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார்.

இதற்காக இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. நான்கைந்து வாக்கிய அச்சுகள், முப்பது நாற்பது பெயர்ச்சொற்கள், ஒழுங்கான உச்சரிப்பு இருந்தால் ஒரு வாரத் தங்கலைச் சமாளித்துவிடலாம். மூன்றில் முதலில் கவனிக்க வேண்டியது உச்சரிப்பு.

முதலில் ஓசை

தமிழ் பேசுகிறவர்களுக்கு இத்தாலியனில் பாதி ஓசை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. பெரும்பாலான சொற்கள் உயிரோசையில் முடிகின்றன. ‘த’ நம்முடைய பல்லின ‘த’வேதான். ‘ஞ’ இருக்கிறது. மெய் இரட்டித்தால் பொருள் மாறுவதும் நமக்குப் பழக்கம்: ‘ஸேதே’ என்றால் தாகம், ‘ஸெத்தே’ என்றால் ஏழு, ‘காஸா’ வீடு, ‘கஸ்ஸா’ பணம் கட்டும் கவுன்ட்டர். இரட்டித்த எழுத்தை அழுத்தி, ஒரு கணம் நிறுத்திச் சொல்லுங்கள்.

தடுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘க, த, ப’ மூன்றும் வருகிற இடத்தைப் பொறுத்துத் தாமாகவே கனத்துவிடும். ‘தங்கை’ என்பதில் வரும் ‘க’ வேறு, ‘கல்’ என்பதில் வரும் ‘க’ வேறு. இத்தாலியனில் அப்படி மாறக்கூடாது. அதனால் இந்தக் கட்டுரையில், ஸ்லோகப் புத்தகங்களிலும் கர்நாடக சங்கீதப் புத்தகங்களிலும் போடுகிற சின்ன 3-ஐப் பயன்படுத்தியிருக்கிறோம். ப³ என்றால் ‘பஸ்’ஸில் வரும் ஓசை, த³ என்றால் ‘தோசை’யில் வரும் ஓசை, க³ என்றால் ‘கோபி’யில் வரும் ஓசை. 3 இல்லாத எழுத்தை, சொல்லின் நடுவில் வந்தாலும், ‘ன்’ என்ற எழுத்துக்குப் பின்னால் வந்தாலும், ‘கல், தலை, பல்’ ஆகியவற்றின் முதல் எழுத்துப் போலவே சொல்ல வேண்டும். ‘ச’ எப்போதும் ‘பச்சை’யின் ‘ச’.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால்: ‘க்வான்தோ’ என்றால் எவ்வளவு, ‘க்வான்தோ³’ என்றால் எப்போது. தமிழ் வாய் ‘ன்’னுக்குப் பின் வரும் ‘த’வைத் தானாகக் கனக்க வைத்துவிடும். விலை கேட்டவருக்கு நேரம் பதிலாக வரும். இந்த ஒரு சோடியை மட்டும் பத்து முறை உரக்கச் சொல்லிப் பழகினாலே மற்ற சொற்களும் சரியாகிவிடும்.

அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ‘காமெரா’ (அறை) போலச் சில சொற்களில் அதற்கும் முன்னால் போகும். சொல்லின் நடுவிலோ தொடக்கத்திலோ நெடிலாக எழுதியிருக்கும் இடத்தை அழுத்துங்கள்.

மரியாதையும் வணக்கமும்

நம் நீ, நீங்கள் போல அங்கும் இரண்டு நிலை உண்டு. ஹோட்டலில் யாரிடம் பேசினாலும் ‘நீங்கள்’ நிலைதான். இங்கே தந்திருக்கும் வாக்கியங்கள் எல்லாம் அந்த நிலையில்தான் இருக்கின்றன. ‘சாவ்’ என்பது பழகியவர்களுக்கிடையே சொல்வது. முன்பின் தெரியாத பெரியவரிடம் சொல்லாதீர்கள்.

ப்³வொன்ஜோர்னோ – காலை வணக்கம், பகல் வணக்கம்
ப்³வொனஸேரா – மாலை வணக்கம். பல ஊர்களில் மதியச் சாப்பாடு முடிந்ததுமே இதற்கு மாறிவிடுவார்கள்.
ப்³வொனனொத்தே – தூங்கப் போகும்போது மட்டும்
க்³ராத்ஸியே – நன்றி
ப்ரேகோ³ – பரவாயில்லை, வாருங்கள், சொல்லுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் இதுவே
ஸ்கூஸி – மன்னிக்கவும், சற்றுக் கேளுங்கள்
அர்ரிவெதே³ர்சி – போய் வருகிறேன்

உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். லிஃப்டில் எதிர்ப்படுகிறவருக்கும் ஒரு ‘ப்³வொன்ஜோர்னோ’ சொல்வது வழக்கம்.

புரியவில்லை என்றால்:

நொன் கபீஸ்கோ – புரியவில்லை
பார்லா இங்க்³லேஸே? – ஆங்கிலம் பேசுவீர்களா?
ப்யூ ப்யானோ, பெர் ஃபவோரே – தயவுசெய்து மெதுவாக
புவோ ஸ்க்ரீவெர்லோ? – எழுதிக் காட்ட முடியுமா?

கடைசி வாக்கியம் தங்கம். தொகை, நேரம், அறை எண் எது வந்தாலும் எழுதி வாங்கிவிடுங்கள். ‘ஸெஸ்ஸான்தா’ (60), ‘ஸெத்தான்தா’ (70) இரண்டும் வேகப் பேச்சில் ஒன்றாகவே காதில் விழும்.

ஐந்து அச்சுகள்

பொஸ்ஸோ அவேரே…? – … கிடைக்குமா?
சே…? – … இருக்கிறதா?
நொன் சே… – … இல்லை
… நொன் ஃபுன்த்ஸியோனா – … வேலை செய்யவில்லை
அ கே ஓரா…? – எத்தனை மணிக்கு…?

இந்த ஐந்தில் பொருந்தும் பெயர்ச்சொல்லைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒருமை பன்மை, ஆண்பால் பெண்பால் தவறினாலும் புரிந்துகொள்வார்கள். வாக்கியத்தின் கடைசியில் ‘பெர் ஃபவோரே’ சேருங்கள்.

போய்ச் சேருவதற்கு முன்

சிறு விடுதிகளில் இரவு முழுக்க ஆள் இருக்கமாட்டார். முன்பதிவு செய்ததும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘அர்ரிவியாமோ வேர்ஸோ லே ஊன்தி³சி தி³ ஸேரா’ – இரவு பதினொரு மணி வாக்கில் வருவோம். எழுத்தில் 24 மணிக் கணக்குத்தான் வழக்கம். பதினொன்று என்பதை 23 என்று எழுதுங்கள். வெறும் 11 என்று எழுதினால் காலை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘அ கே ஓரா கியூதே³ லா ரிசப்ஷன்?’ (ரிசப்ஷன் எத்தனை மணிக்கு மூடும்?) என்றும் கேட்டுவிடலாம்.

வாடகைக் காரில் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஃப்ளோரன்ஸ், ரோம், போலோன்யா, பீசா முதலிய ஊர்களின் பழைய நகரப் பகுதிகளில், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகக்கூடிய எல்லை உண்டு. பலகையில் ‘இஸட் டி எல்’ (ZTL) என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கும்; அதை ‘த்ஸேதா தி எல்லே’ என்று படிப்பார்கள். வாசலில் கேமரா வண்டி எண்ணைப் படமெடுக்கும். தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது என்பதால் பலர் தெரியாமலே நுழைந்துவிடுகிறார்கள். அபராதம் வாடகை நிறுவனத்தின் வழியாக மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், பல ஊர்களில் அவர்களே உங்கள் வண்டி எண்ணைப் பதிவுசெய்ய முடியும்: ‘புவோ ரெஜிஸ்த்ராரே லா மீயா தார்கா³?’ ‘தார்கா³’ என்றால் நம்பர் பிளேட். இதை வண்டி உள்ளே போவதற்கு முன்பே கேட்டு, பதிவு நடந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாசல்

படுக்கையும் காலை உணவும் மட்டும் தரும் பி அண்ட் பி விடுதிகள் பெரும்பாலும் குடியிருப்புக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் இருக்கும். தெருவில் பெரிய பலகை இருக்காது. வாசலில் ‘சிதோஃபொனோ’ என்கிற ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். அதன் பொத்தான்களில் வீட்டு எண்ணுக்குப் பதிலாகக் குடும்பப் பெயர்களே பெரும்பாலும் எழுதியிருக்கும். எனவே எந்தப் பெயருள்ள பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும்:

ப்³வொனஸேரா, ஓ ஊனா ப்ரெனொதத்ஸியோனே. மீ ஆப்ரே, பெர் ஃபவோரே? – வணக்கம், முன்பதிவு செய்திருக்கிறேன். கதவைத் திறக்கிறீர்களா?

முகவரியில் ‘ஸ்காலா’ என்று வந்தால் எந்தப் படிக்கட்டு என்று பொருள். ஒரே முற்றத்தைச் சுற்றி இரண்டு மூன்று படிக்கட்டுகள் இருக்கும். ‘இன்தெர்னோ’ என்பது உள் கதவு எண். ‘ப்யானோ’ மாடி. தரைத்தளம் ‘ப்யானோ தெர்ரா’. அதற்கு மேலே இருப்பது முதல் மாடி, நம் ஊர்க் கணக்கேதான். ப்ரீமோ, ஸெகோன்தோ³, தேர்த்ஸோ, க்வார்தோ – முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமலே இருப்பது சகஜம். பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் பதிவு செய்யும்போதே ‘சே லஷென்ஸோரே?’ என்று கேளுங்கள். இருந்தாலும் இரண்டு பேரும் ஒரு பெட்டியும் மட்டுமே கொள்ளும் அளவில் இருக்கலாம்.

கதவுகளில் ‘ஸ்பின்ஜெரே’ என்று இருந்தால் தள்ளுங்கள், ‘திராரே’ என்று இருந்தால் இழுங்கள். உள்ளிருந்து தெருக்கதவைத் திறக்க, பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கைப்பிடியை ஆட்டுவதற்கு முன் அதைத் தேடுங்கள். அறைக்கதவுச் சாவியைப் பூட்டும்போது இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். திறக்கும்போதும் அத்தனை சுற்று.

ரிசப்ஷனில்

நீங்கள் முதலில் சொல்வது: ‘ஓ ஊனா ப்ரெனொதத்ஸியோனே அ நோமே சுந்தர்’ – சுந்தர் என்ற பெயரில் முன்பதிவு இருக்கிறது. பிறகு ‘பெர் ஊனா நொத்தே’ (ஓர் இரவு), ‘பெர் தூ³வே நொத்தி’ (இரண்டு இரவு), ‘பெர் த்ரே நொத்தி’ (மூன்று இரவு).

இங்கே தமிழ்ப் பெயர்கள் சிக்கலைக் கொண்டுவரும். அவர்கள் ‘கொஞ்ஞோமே’, அதாவது குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவோ, அப்பா பெயராகவோ இருக்கும். முன்பதிவில் ‘எஸ். சுந்தர்’ என்றும் பாஸ்போர்ட்டில் வேறு வரிசையிலும் இருந்தால் தேடிக்கொண்டே இருப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். பதிவை அச்செடுத்துக் காட்டுங்கள். குடும்பப் பெயரே இல்லை என்றால் ‘நொன் ஓ இல் கொஞ்ஞோமே’ என்று சொல்லிவிடலாம்.

எழுத்துக் கூட்டச் சொன்னால் (‘கோமே ஸி ஸ்க்ரீவே?’) இத்தாலியர்கள் ஊர்ப் பெயர்களை வைத்துச் சொல்வார்கள். சுந்தரை ஸவோனா, ஊதி³னே, நாபொலி, தொ³மொதொ³ஸ்ஸொலா, அன்கோனா, ரோமா என்று சொன்னால் ஒரு எழுத்தும் பிசகாது. தொலைபேசியில் பேசும்போது இது மிகவும் உதவும். ஊர் கிடைக்காத எழுத்துகளுக்கு அவற்றின் இத்தாலியப் பெயரையே சொல்லலாம்: கார்த்திக்கின் முதலெழுத்து ‘கப்பா’, ஜெயாவின் முதலெழுத்து ‘இ லுங்கா³’, யாழினியின் முதலெழுத்து ‘இப்ஸிலொன்’.

அடுத்து, ‘தொ³குமென்தோ, பெர் ஃபவோரே’ என்பார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒரு நாளுக்கும் குறைவான தங்கலென்றால் 6 மணி நேரத்துக்குள். பதிந்து முடித்ததும் திருப்பித் தர வேண்டும். தரவில்லை என்றால்: ‘க்வான்தோ³ பொஸ்ஸோ ரியவேரே இல் பஸ்ஸபோர்தோ?’ – பாஸ்போர்ட் எப்போது திரும்பக் கிடைக்கும்?

பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இன்னொரு ஷெங்கன் நாட்டின் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின்) வழியாக இத்தாலிக்குள் வரும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தப் பதிவு வேறு விதத்திலும் முக்கியம். அப்படி வருகிறவர்கள் 8 நாட்களுக்குள் தாங்கள் வந்திருப்பதை அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு, அங்கே கையெழுத்திட்டுக் கொடுக்கும் அறிவிப்பே போதுமானது. அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: ‘பொஸ்ஸோ அவேரே ஊனா கோபியா தெ³ல்லா தி³க்யரத்ஸியோனே தி³ ப்ரெஸேன்த்ஸா?’

அவர்கள் சொல்லக்கூடியவை: ‘ஃபீர்மி க்வீ’ (இங்கே கையெழுத்துப் போடுங்கள்), ‘உன் ஆத்திமோ’ (ஒரு நிமிடம்), ‘தீ³கா’ (சொல்லுங்கள்), ‘ஸியாமோ அல் கொம்ப்லேதோ’ (அறை காலியில்லை).

அறை வகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘காமெரா ஸீங்கொ³லா’ ஒருவருக்கு. ‘மத்ரிமொனியாலே’ ஒரே பெரிய கட்டில். ‘தொ³ப்பியா’ இருவருக்கு, ஆனால் பல ஹோட்டல்கள் இந்தப் பெயரிலும் பெரிய கட்டிலையே தருகின்றன. இரண்டு தனிக் கட்டில் வேண்டுமென்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ‘தூ³வே லெத்தி ஸெபராதி’. அதிலும் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டிருப்பார்கள். பிரித்துப் போடச் சொன்னால் போதும். குழந்தைத் தொட்டில் ‘ஊனா குல்லா’. குறைந்த வாடகை அறை என்றால் ‘இல் பா³ஞ்ஞோ எ இன் காமெரா?’ (குளியலறை அறைக்குள் இருக்கிறதா?) என்று கேட்டுவிடுங்கள். ‘பா³ஞ்ஞோ இன் கொமூனே’ என்றால் பொதுக் குளியலறை.

தங்கல் வரி

அறை வாடகையில் சேராமல் தனியாக வருவது ‘தஸ்ஸா தி³ ஸொஜ்ஜோர்னோ’. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. ஊருக்கு ஊர், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறும். ரோமில் 2023 அக்டோபரில் வந்த கட்டணப்படி 3 நட்சத்திர ஹோட்டலில் 6 யூரோ, 4 நட்சத்திரத்தில் 7.50, 5 நட்சத்திரத்தில் 10. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. தொடர்ந்து 10 இரவுக்கு மேல் வசூலிப்பதில்லை. ஆக, கணவன் மனைவியும் எட்டு வயதுக் குழந்தையும் 3 நட்சத்திர ஹோட்டலில் 4 இரவு தங்கினால் 2 × 6 × 4 = 48 யூரோ. முன்பதிவு இணையதளத்தில் முழுப் பணமும் கட்டிவிட்டோம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது கடைசி நேர அதிர்ச்சியாக வரும். சில இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள்.

லா தஸ்ஸா தி³ ஸொஜ்ஜோர்னோ எ இன்க்லூஸா? – தங்கல் வரி சேர்ந்ததா?
க்வான்தோ எ? – எவ்வளவு?
பொஸ்ஸோ பகா³ரே கொன் லா கார்தா? – கார்டில் கட்டலாமா?
இன் கொன்தான்தி – ரொக்கமாக

அறைக்குள்

குளியலறையிலிருந்து தொடங்குவோம். குழாயில் ஆங்கில எழுத்து ‘சி’ போட்டிருந்தால் அது வெந்நீர். ‘கால்தோ³’ என்றால் சூடு. குளிர்ந்த நீருக்கு ‘எஃப்’, ‘ஃப்ரெத்³தோ³’. ஆங்கிலப் பழக்கத்தில் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கழிவறைக்குப் பக்கத்தில் தாழ்வான இன்னொரு பீங்கான் தொட்டி இருக்கும், அதுதான் பிடே. கழுவிக்கொள்வதற்கானது. 1975-இல் வந்த அரசாணை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது அது இருக்க வேண்டும் என்கிறது. ஹோட்டல்களிலும் பரவலாக உண்டு. தண்ணீர் பழக்கமுள்ள நமக்கு இது பெரிய வசதி. பக்கத்தில் தொங்கும் சின்னத் துண்டு அதற்கானது. முகம் துடைக்க எடுக்காதீர்கள்.

ஷவருக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் விளக்கும் எரியாது, காற்றாடியும் ஓடாது. ரிசப்ஷனில் அபாய மணி அடிக்கும். குளிக்கும்போது வழுக்கி விழுந்தால் உதவி கேட்க வைத்தது. துணி காயப்போடவும் அதைத் தொட வேண்டாம். தெரியாமல் இழுத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்: ‘மீ ஸ்கூஸி, ஓ திராதோ லா கோர்தா³ பெர் ஸ்பா³ல்யோ’ – மன்னிக்கவும், தவறுதலாகக் கயிற்றை இழுத்துவிட்டேன்.

குறை சொல்ல வேண்டியவை:

நொன் சே லாக்வா கால்தா³ – வெந்நீர் வரவில்லை
லோ ஷக்வோனே நொன் ஃபுன்த்ஸியோனா – ஃப்ளஷ் வேலை செய்யவில்லை
லா தொ³ச்சா நொன் ஃபுன்த்ஸியோனா – ஷவர் வேலை செய்யவில்லை
லா கியாவே நொன் ஜீரா – சாவி திரும்பவில்லை
லா தெஸ்ஸெரா நொன் ஃபுன்த்ஸியோனா – கதவு கார்டு வேலை செய்யவில்லை
லாரியா கொன்தி³த்ஸியொனாதா நொன் ஃபுன்த்ஸியோனா – ஏசி ஓடவில்லை

ஏசி விஷயத்தில் ஒரு விளக்கம். பல கட்டடங்களில் ஒரே குழாயில்தான் குளிர்காலத்தில் வெந்நீரும் கோடையில் குளிர்ந்த நீரும் ஓடும். பருவத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். ஏப்ரலிலோ அக்டோபரிலோ ஏசி குளிராவிட்டால் அது பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ரிஸ்கல்த³மென்தோ’ எனும் சூடேற்றும் வசதிக்கும் குடியிருப்புக் கட்டடங்களில் காலக்கெடு உண்டு. ரோம், ஃப்ளோரன்ஸில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. மிலான், வெனிஸில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அத்தகைய கட்டடத்தில் இருக்கும் பி அண்ட் பி-யில் ஏப்ரல் கடைசி வாரத்தில் தங்கினால் இரவில் குளிரும். அப்போது வாதாடுவதைவிடப் போர்வை கேட்பதே வேலைக்கு ஆகும்: ‘ஓ ஃப்ரெத்³தோ³. பொஸ்ஸோ அவேரே ஊனா கொபேர்தா?’ இதிலும் 3-ஐக் கவனியுங்கள். ‘ஓ ஃப்ரெத்தா’ என்றால் அவசரத்தில் இருக்கிறேன் என்று பொருள்.

‘பொஸ்ஸோ அவேரே’யோடு சேர்க்க:

உன் ஆல்த்ரோ குஷீனோ – இன்னொரு தலையணை
உன் ஆல்த்ரோ அஷுக³மானோ – இன்னொரு துண்டு
லா கார்தா இஜேனிகா – டாய்லெட் பேப்பர்
இல் ஸபோனே – சோப்பு
உன் பொ³ல்லிதோரே – தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில்
உன் அத³த்ததோரே – ப்ளக் அடாப்டர்

அடாப்டர் கண்டிப்பாகத் தேவைப்படும். இத்தாலியச் சாக்கெட்டில் மூன்று துளைகள் ஒரே வரிசையில் இருக்கும். மெல்லிய இரண்டு பின் உள்ள போன் சார்ஜர் நேராகச் செருகிக்கொள்ளும். இந்தியாவின் மூன்று பின் ப்ளக்கும், இலங்கையின் சதுரப் பின் ப்ளக்கும் சேராது. ஜெர்மனியில் வாங்கிய தடித்த வட்ட ப்ளக்கும் அந்த ஒற்றை வரிசைச் சாக்கெட்டில் இறங்காது. மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதில் கவலை இல்லை.

தெருச் சத்தத்தில் தூக்கம் வராவிட்டால்: ‘சே த்ரொப்போ ருமோரே. பொஸ்ஸோ கம்ப்³யாரே காமெரா?’ – சத்தம் அதிகம், அறை மாற்றலாமா? ‘ஸுல் கொர்தீலே’ என்று சேர்த்தால் உள்முற்றத்தைப் பார்த்த அறை. பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் அமைதியாக இருக்கும். சில ஹோட்டல்களில் 16-க்கு அடுத்து 18-ஆம் அறை வந்தால் திகைக்க வேண்டாம். அங்கே 17 ராசியில்லாத எண்.

காலை உணவு

அ கே ஓரா எ லா கொலத்ஸியோனே? – காலை உணவு எத்தனை மணிக்கு?
தா³ல்லே ஸெத்தே ஆல்லே தி³யேசி – ஏழு முதல் பத்து வரை

இத்தாலியக் காலை உணவு இனிப்பு வகை: கொர்னெத்தோ என்ற பிறை வடிவ ரொட்டி (மிலான் பக்கம் இதையே ப்³ரியோஷ் என்பார்கள்), பிஸ்கட், ஜாம். ‘கஃப்ஃபே’ கேட்டால் இரண்டு வாய் அளவு கறுப்புக் காபி வரும். ‘லத்தே’ கேட்டால் வெறும் பால். நம் ஊர்க் காபிக்குக் கிட்டே வருவது ‘கஃப்ஃபெல்லத்தே’. தேநீருக்குப் பால் வேண்டுமென்றால் ‘தே கொன் லத்தே கால்தோ³’ என்று சூடான பாலாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் எலுமிச்சைத் துண்டு வரும்.

சைவர்கள் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்:

ஸோனோ வெஜெதரியானோ (பெண் சொன்னால் வெஜெதரியானா). நொன் மான்ஜோ நே கார்னே நே ப்ரொஷுத்தோ நே பேஷே. – நான் சைவம். இறைச்சி, பன்றி இறைச்சிச் சீவல், மீன் எதுவும் சாப்பிடமாட்டேன்.

‘ப்ரொஷுத்தோ’வைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ‘கார்னே இல்லை’ என்று மட்டும் சொன்னால், சமைத்த இறைச்சித் துண்டை நினைத்துக்கொண்டு சீவலைப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டையும் ஆகாது என்றால் ‘நே உவோவா’ சேருங்கள். ரொட்டியிலும் விசாரிக்க வேண்டும்: ‘சே லோ ஸ்த்ருத்தோ?’ – பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா? ரொமாஞ்ஞா பகுதியின் பியாதீ³னா ரொட்டியில் மரபாக அதைத்தான் சேர்ப்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்வது. கடுமையான சைவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ‘பெபெரோனி’ என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே அது குடைமிளகாய்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ‘நொன் பொதாபி³லே’ என்று பலகை இருந்தால் மட்டும் கூடாது. பாட்டில் வாங்கினால் ‘நதுராலே’ சாதாரணம், ‘ஃப்ரித்³ஸான்தே’ சோடா.

அவசரம்

எதற்கும் 112-ஐ அழைக்கலாம். ‘அயூதோ!’ காப்பாற்றுங்கள். ‘ஸ்தோ மாலே’ உடம்பு சரியில்லை. ‘ஸேர்வே உன் மேதி³கோ’ மருத்துவர் வேண்டும். ‘மீ ஆன்னோ ருபா³தோ இல் பஸ்ஸபோர்தோ’ பாஸ்போர்ட்டைத் திருடிவிட்டார்கள். திருட்டு என்றால் முதலில் காவல் நிலையத்தில் ‘தெ³னூன்சா’ என்ற புகார் நகலை வாங்குங்கள். தூதரகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ரோமில் தூதரகமும் மிலானில் துணைத் தூதரகமும் இருக்கின்றன.

கிளம்பும்போது

அ கே ஓரா தொ³ப்³பி³யாமோ லஷாரே லா காமெரா? – எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்?
இல் கோன்தோ, பெர் ஃபவோரே – பில் கொடுங்கள்
சே உன் எர்ரோரே நெல் கோன்தோ – பில்லில் தவறு இருக்கிறது
க்வெஸ்தோ நொன் லோ ப்ரேஸோ – இதை நான் எடுக்கவில்லை

கடைசி வாக்கியம் மினிபார் கணக்குக்கு. அலுவலகப் பயணமென்றால் சாதாரண ரசீதான ‘ரிசெவூதா’ போதாமல் போகலாம். நிறுவனப் பெயர் போட்ட ‘ஃபத்தூரா’ வேண்டும் என்று பில் அடிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். ரசீது போட்டுவிட்ட பிறகு மாற்றித் தருவது அவர்களுக்கும் சிரமம்.

விமானம் மாலையில் என்றால் பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு ஊர் சுற்றலாம்: ‘பொஸ்ஸோ லஷாரே இ ப³கா³ல்யி க்வீ ஃபீனோ ஆல்லே சின்க்வே?’ – ஐந்து மணி வரை பெட்டிகளை இங்கே வைக்கலாமா?

டாக்ஸிக்கு: ‘மீ கியாமா உன் தாக்ஸி பெர் லே ஸேயி?’ – ஆறு மணிக்கு ஒரு டாக்ஸி அழைக்கிறீர்களா? ஒரு பெயரும் எண்ணும் சேர்ந்த வண்டிக் குறியீட்டையும், எத்தனை நிமிடத்தில் வரும் என்பதையும் ரிசப்ஷனில் சொல்வார்கள். ‘புவோ ஸ்க்ரீவெர்லோ?’ என்று எழுதி வாங்குங்கள். வண்டியில் ஏறும்போதே மீட்டரில் ஒரு தொகை ஓடியிருக்கலாம். பல ஊர்களில் அழைப்பை ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்தே கணக்குத் தொடங்குவதால் அப்படி. விமான நிலையம் போகிறீர்கள் என்றால் ஏறியதும் ‘சே லா தரீஃப்ஃபா ஃபிஸ்ஸா?’ என்று கேளுங்கள். ரோமிலும் மிலானிலும் நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே நிர்ணயித்த கட்டணம் உண்டு. ரோமில் அது முக்கியமாக, ஔரேலியன் சுவர் எனும் பழைய நகரச் சுவருக்குள் இருக்கும் ஹோட்டல்களுக்குப் பொருந்தும். சுவருக்கு வெளியே என்றால் பெரும்பாலும் மீட்டர்தான்.